ரேவதி கழியட்டும்

வீரபாகு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். தோலை முழுசாக உரித்து மடியில் போட்டுக்கொண்டு, பழத்தை இரண்டாக முறித்து, ஒவ்வொரு பாதியையும் ஒரே வாயில் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு மென்றான். கூடப்பிறந்த அக்காவை ஆஸ்பத்திரியில் அந்த ஐ.சி.யு. கதவுக்குப் பின்னால் படுக்கப் போட்டிருக்கும்போது ஒரு மனிதனுக்கு இப்படிப் பசிக்குமா என்று குற்றாலிங்கம் நினைத்தார். பசிக்கத்தானே செய்யும், தானும்தான் மத்தியானம் கேன்டீனில் இட்லி தின்றோம், இன்னொன்று வைக்கட்டுமா என்று பரிமாறினவன் கேட்டபோது வேண்டாம் என்றது வெட்கத்தினால்தானே தவிர வயிறு நிறைந்து இல்லை என்றும் நினைத்தார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல வேண்டியதில்லை. ருசி பார்த்துத் தின்ன வேண்டியதில்லை. காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகள் நாலு நாலாக ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கப்பட்டவை. வீரபாகு காலை ஆட்டினால் அந்த ஆட்டம் சட்டம் வழியாக வந்து குற்றாலிங்கத்தின் முதுகெலும்பில் ஏறியது. எழுந்து வேறு வரிசைக்குப் போகலாம். போனால், என்ன அத்தான் என்று அவனும் பின்னாலேயே வந்து உட்காருவான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மாடி சும்மாதானே கிடக்கு அத்தான் என்று ஒரு மழைக்காலத்தில் பெட்டியோடு வந்தவன், மகள் பிறந்து, அவள் படித்து, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தும் மாடியிலேயே இருக்கிறான். மாடியில் அவன் நடந்தால் கீழே தொங்குகிற விளக்கு ஆடும். அவர் மனைவி உலகம்மைக்கு அது பிடிக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்து, தம்பி எந்திரிச்சிட்டான் என்பாள், ஏதோ கோயில் நடை திறந்துவிட்ட மாதிரி. முப்பது வருஷமாகத் தன் தலைக்கு மேல் ஒருவன் நடப்பதைப் பொறுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அது வேறு விஷயம்.

காலையில் டாக்டர் வந்து சொன்னாள். சின்னப் பெண். காதில் பொட்டுப் போல ஒரு கல். நின்றுகொண்டே சொல்லாமல் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னாள், அதற்காகவே அவள்மேல் குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தது. உட்கார்ந்து சொல்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "மூளைக்குள்ள ரத்தம் பரவிடுச்சு, அய்யா. இனிமே நினைவு திரும்பாது. மூச்சை மெஷின்தான் விடுது. அதை எடுத்துட்டா ரொம்ப நேரம் தாங்க மாட்டாங்க. வச்சிருந்தா இன்னும் சில நாள் ஓடலாம், ஆனா அதனால அவங்களுக்கு எந்த நன்மையும் இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோகணும்னாலும் ஏற்பாடு பண்றோம், மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து குடுக்கிறோம். வீட்டில கலந்து பேசிட்டு, சாயங்காலம் நான் வர்றப்ப சொல்லுங்க." வீட்டில் கலந்து பேசிவிட்டு. வீட்டில் பேசுகிற ஆள்தான் உள்ளே படுத்திருக்கிறாள். என்ன காய் வாங்க, எந்தக் கல்யாணத்துக்குப் போக, எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் மொய் மட்டும் கொடுத்தனுப்ப, பையனை என்ன படிக்க வைக்க, வீட்டுக்கு என்ன வர்ணம் அடிக்க, எல்லாம் அவள் சொல்வாள். குற்றாலிங்கம் மோட்டார் சுற்றுகிற கடையில் இருப்பார். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கருகிப்போன காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தவறக் கூடாது, அதனால் பேச முடியாது. அப்படித்தான் பேசாத பழக்கம் வந்தது என்று அவரே சொல்லிக்கொள்வார். அது பொய். அதற்கு முன்னாலும் அவர் பேசினதில்லை. இப்போது திடீரென்று, துணி காயப்போடப் போனவள் கொடியைப் பிடித்துக்கொண்டே சரிந்து விழுந்துவிட்டு, நீங்களே சொல்லுங்க என்று விட்டுவிட்டாள். இது என்ன நியாயம். வாழ்நாள் முழுக்க ஓர் ஆளிடம் ஒரு முடிவையும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டுக் கடைசியில் இந்த ஒன்றை மட்டும் மடியில் போட்டால் எப்படி. அவள்மேல் கோபம் வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் நகர்ந்ததும் வீரபாகு செல்போனை எடுத்தான். செல்போனிலேயே பஞ்சாங்கம் வைத்திருக்கிறான். விரலில் எச்சில் தொடாமல் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஒன்றுதான் வித்தியாசம். பார்த்துவிட்டு ஜோசியருக்குப் போன் போட்டான், ஆமாமா என்றான், சரிங்க சாமி என்றான், பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அவிட்டம் பின்பாதி பொறந்துட்டு அத்தான்" என்றான். குற்றாலிங்கம் அவனைப் பார்த்தார். "அடைப்பு அத்தான். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த அஞ்சுலயும் உசிரு போகக் கூடாது. போச்சுன்னா வீட்ட ஆறு மாசம் அடைக்கணும். மாடியும் சேத்துத்தான். அடுப்பு எரியக் கூடாது, வெளக்கு ஏத்தக் கூடாது, ஒரு ஆளு உள்ள படுக்கக் கூடாது. தையில எம்மவ பகவதி கல்யாணம். பந்தக்கால் எங்க ஊனுவேன்? மாப்ள வீட்டுல என்ன சொல்லுவாக? பொண்ணு வீட்டுல அடைப்பாம்னு சொன்னா திரும்பிப் பாப்பானா? ரேவதி கழியட்டும் அத்தான். அதுக்குப் பொறவு நீங்க என்ன சொல்லுதியளோ அப்படியே செய்வோம். அதுவரைக்கும் மிசினு ஓடட்டும். அது பாட்டுக்கு ஓடுது, நமக்கு என்ன?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "அக்காவே இருந்தாலும் இதத்தான் சொல்லுவா." அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதையெல்லாம் குற்றாலிங்கம் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டிருப்பார். அந்த ஒன்று மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது.

ஏனென்றால் அது உண்மை. சொல்லுவாள். ராகு காலத்தில் வாசல்படி தாண்டமாட்டாள். கண்ணில் புரை எடுக்க நாள் குறித்து, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து நின்ற பிறகு, சந்திராஷ்டமம் என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினவள். ஆட்டோக்காரனுக்கு முன்னால் அவருக்கு மானம் போயிற்று. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டினால் கத்துவாள். எதிர் வீட்டுத் தாத்தா இதே மாதிரி அடைப்பில் போனபோது, அவர் மருமகள் மூன்றே மாதத்தில் வீட்டைத் திறந்துவிட்டாள் என்று அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எச்சில் துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். பகவதியைத் தன் மடியில் போட்டு வளர்த்தவள். பகவதி கல்யாணத்துக்கு என்று பட்டுப்புடவையை இப்போதே எடுத்து, கட்டிலில் விரித்துப் போட்டு, இதுக்கு எந்த ரவிக்கை சேரும் என்று அவரிடம் கேட்டவள், அவரிடம், மோட்டார் கிரீஸ் தவிர வேறு நிறம் தெரியாதவரிடம். அவளைக் கேட்டால் ரேவதி கழியட்டும் என்றுதான் சொல்லுவாள். சந்தேகமே இல்லை. ஆனால் அவள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். அதுவும் உண்மை. அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். அதுதான் வினை.

அவளுடைய அம்மாவை இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டிருந்தார்கள். அப்போதும் வீரபாகுதான் விடவில்லை. அம்மாவ நான் சாகக் குடுக்க மாட்டேன் என்று தூணில் முட்டிக்கொண்டான். முட்டினான், ஆனால் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, உலகம்மைதான் தினமும் போய்ப் பார்த்தாள். கை வீங்கிவிட்டது. வளையலைக் கழற்ற முடியாமல் கட்டரைக் கொண்டு வந்து வெட்டினார்கள். வாயில் இறக்கியிருந்த குழாய் உதட்டின் ஓரத்தை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது. அந்தப் புண்ணுக்கு உலகம்மை தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பாள். ஒருநாள் திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் தலையைத் தூக்காமல், அவர் வயிற்றைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். "எனக்கு இப்படி ஒண்ணும் செஞ்சிராதீங்க. குழாய் கிழாய் ஒண்ணும் போட்டுக் கெடக்க வச்சிராதீங்க. கேட்டுதா?" ம் என்றார். "ம்முன்னா என்ன? வாயத் தொறந்து சரின்னு சொல்லுங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கூடையில் முருங்கைக்காய் வைத்திருந்தாள். அவள் பார்த்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "எறங்குற எடம் வந்துட்டு" என்றார். வரவில்லை, இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள், அந்த இரண்டு ஸ்டாப்பையும் நின்றுகொண்டே வந்தாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஏன் எடுக்கவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டாளா, இல்லை இந்த மனுஷன் சொல்லமாட்டான் என்று விட்டுவிட்டாளா. பஸ்ஸில் வைத்துக் கேட்கிற கேள்வியா அது. இதைத் தம்பியிடம் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன. காலையில் காப்பி கொடுக்கும்போது, மத்தியானம் குழம்பு கொடுத்தனுப்பும்போது, தம்பி எனக்கு இப்படி என்று ஒரு வார்த்தை. தம்பியிடம் எல்லாம் சொல்வாள், கத்திரிக்காயில் புழு இருந்தது வரைக்கும் சொல்வாள், இதை மட்டும் சொல்லமாட்டாள். தம்பி மனசு தாங்காதாம். தாங்குகிற மனசு அவருடையது. எந்தக் கடையில் எடை போட்டுப் பார்த்தாள்.

"அத்தான், பழம் தின்னுங்க." வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எதிர் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரும் உள்ளேதான் இருந்தார், பல் விளக்கப் போனவர் பிரஷ்ஷோடு விழுந்தாராம், வந்த அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இப்போது எழுந்து வந்து வீரபாகு முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, போன்ல நட்சத்திரம் பாத்தீங்கள்லா, எங்க ஆளுக்கும் ஒரு எட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்." வீரபாகுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்னம்மா, உக்காருங்க. அவுக ராசி என்ன?" "ராசியெல்லாம் தெரியாது. ஆடு மாதிரி இருப்பாக, சாதுவா." "அப்பம் மேஷம்னு வச்சுக்கிடுவோம்" என்றான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவனும் சிரித்தான். கதவுக்குப் பின்னால் இரண்டு உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் சிரிக்கிறார்கள். குற்றாலிங்கத்துக்கு அவன் செல்போனைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தால் சத்தம் வரும், எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் அடிக்கவில்லை. இப்படித்தான் எத்தனையோ செய்யவில்லை. அந்த அம்மாளாவது சிரிக்கிறாளே என்று பிறகு தோன்றியது. அவளுக்கும் வீட்டுக்குப் போனால் யாரும் இல்லை போலிருக்கிறது. அதற்காக வீரபாகுவை மன்னிக்க வேண்டியதில்லை.

பையனிடமிருந்து போன் வந்தது. அருணா. துபாயில் இருக்கிறான். "அப்பா, மாமா எல்லாம் சொன்னாங்க." சொல்லிவிட்டானா. அப்பனிடம் கேட்கும் முன்னால் மாமா சொல்லிவிட்டான். "மாமா சொல்றதும் சரிதானப்பா. எனக்கும் லீவு கெடச்சு வந்து சேர நாலஞ்சு நாள் ஆயிரும். அதுவரைக்கும் வச்சிருங்க." வச்சிருங்க. பிரிட்ஜில் மீன் வைக்கிற மாதிரி. அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது, சின்ன வயதில் மூக்கடைத்து அழுவானே அதே அழுகை, மீசை வைத்த பிறகும் அழுகை மாறவில்லை. "அம்மா மொகத்த ஒரு தடவ பாக்கணும்ப்பா." நெஞ்சு இளகியது. இப்போது உள்ளே விடுவார்கள், வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டார். இவ்வளவு நீளமாக அவர் போனில் பேசியே வெகு நாளாயிற்று. "ஐயோ, வேண்டாம்ப்பா. அந்தக் கோலத்துல நான் பாக்கமாட்டேன். என்னால தாங்க முடியாது." இளகினது அப்படியே இறுகிப்போயிற்று. இவனால் ஒரு நிமிஷம் பார்க்கக்கூட முடியாததில் அவள் ரேவதி வரைக்கும் கிடக்கட்டும் என்கிறான். வந்து இறங்கும்போது எல்லாவற்றையும் கழற்றி, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து நாம் வைத்திருக்க வேண்டும். தூங்குகிற மாதிரி இருக்காங்க அம்மா என்று சொல்லி அழுவான். நல்ல பிள்ளை. ஊரெல்லாம் நல்ல பிள்ளை என்று சொல்லும். பேச்சு முடிந்ததும், அவன் வைத்துவிட்டானா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறானா என்று தெரியாமல், கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.

ஒவ்வொருவராக உள்ளே போகலாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். "நீங்க போங்க அத்தான், எனக்குப் பாத்தா தலை சுத்தும்" என்றான் வீரபாகு. குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, நர்ஸ் அதைத் திருப்பிப் போட்டுவிட, உள்ளே போனார். குளிர். டெட்டால் வாசனையும் அதற்கு அடியில் வேறு ஒரு வாசனையும். உலகம்மையின் வாயைக் கோணலாக்கி ஒரு குழாய் இறங்கியிருந்தது, அதை ஒட்டுப்போட்டுக் கன்னத்தோடு இறுக்கியிருந்தார்கள். ஒட்டு இழுத்ததில் ஒரு பக்கத்துக் கண் லேசாகத் திறந்து, சந்தைக்காரனிடம் விலை குறைக்கச் சொல்லும்போது பார்க்கிற பார்வை போல இருந்தது. மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். அந்த ஓட்டையை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. கை வீங்க ஆரம்பித்திருந்தது. அந்த மிஷின் மூச்சு விட்டது. உஸ் என்று இழுத்து, ஒரு கிளிக், பிறகு விட்டது. அவருக்கு மிஷின் சத்தம் பழக்கம். தண்ணீர் வற்றின கிணற்றில் மோட்டார் ஓடினால் சத்தம் மெலிசாகிவிடும், பாரமில்லாமல் சும்மா சுற்றும், தோட்டக்காரன் எங்கே இருந்தாலும் ஓடிவந்து நிறுத்திவிடுவான். இது ஒரே சீராக ஓடியது. யாருக்காகவும் கூடவில்லை, குறையவில்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஆனால் அது அவள் மூச்சு விடுகிற விதமே இல்லை. அவள் தூக்கத்தில் ஒழுங்கில்லாமல் மூச்சு விடுவாள், நடுவில் ஒரு பெருமூச்சு, ஏதோ கணக்கு சரிவராத மாதிரி ஒரு முனகல். அந்த முனகல் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "பேசுங்கய்யா, பேசலாம்" என்றாள் நர்ஸ், அவளும் நல்லவள்தான், நல்லவர்களாகவே எல்லோரும் இருக்கிறார்கள், யார்மேல்தான் கோபப்படுவது. என்ன பேச. ஏளா, எந்திரி. எந்திரிச்சு உந்தம்பிகிட்ட நீயே சொல்லு. அந்தப் பஸ்ஸுல சொன்னத அவங்கிட்டச் சொல்லு. இல்ல, ரேவதி கழியட்டும்னு எங்கிட்டச் சொல்லு. ரெண்டுல ஒண்ணச் சொல்லித் தொலை. நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொல்ல முடியுமா. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்தார். அந்த நேரத்தில்தான், ஒளிந்திருந்த எலி வெளியே வருவது போல, அந்த நினைப்பு வந்தது. நீ இது முடிய வேண்டும் என்று நினைப்பது அவளுக்காகவா. உனக்கு முதுகு வலிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். அதற்காக அவள் பேரைச் சொல்கிறாய். குழாய் வேண்டாம் என்றாள் என்று நீ சொல்வதற்கு யார் சாட்சி. முருங்கைக்காய்க்காரியா. அவர் தன்னையே வெறுத்தார். வீரபாகுவை வெறுத்ததைவிட அதிகமாக, கிட்டத்தட்ட ஒரு நிம்மதியோடு. உலகம்மையின் உதட்டோரத்தில் குழாய் அழுத்துகிற இடம் சிவந்திருந்தது. இன்னும் புண்ணாகவில்லை. நாளைக்கு ஆகும். சதயத்தில் ஆகும். பூரட்டாதியில் ஆழமாகும். ரேவதியில் எண்ணெய் தொட்டு வைக்க யார் வருவார்கள்.

வெளியே வந்து உட்கார்ந்தார். வீரபாகு காலை ஆட்டினான். முதுகெலும்பில் ஏறிய அந்த ஆட்டத்தோடேயே அவர் யோசித்தார். அவள் இரண்டையும்தான் சொன்னாள், இரண்டும் அவள்தான், ஒருத்தியைக் கேட்டு இன்னொருத்தியை அடிக்க முடியாது. அடைப்பு என்பது யாருக்கு. செத்தவளுக்கு ஆறு மாசம் வீடு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன. பூட்டிக்கொண்டு வெளியே போகிறவன் இருக்கிறவன். விளக்கேற்ற முடியாமல் தவிக்கிறவன் இருக்கிறவன். கல்யாணம் தள்ளிப்போகிறதா, சம்பந்தி முகத்தைச் சுளிக்கிறானா, அதெல்லாம் இருக்கிறவர்கள் பாடு. அதைத் தவிர்க்கத்தான் அவளை ஐந்து நட்சத்திரத்துக்கும் உள்ளே காவலில் போட்டிருக்கிறோம். நம் சுமையைத் தூக்கி, பேச முடியாமல் கிடக்கிறவள் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, அக்காவே சொல்லுவா என்கிறோம். சொல்லுவாள்தான். அவள் எல்லோர் சுமையையும் வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறவள். அதனால் வைக்கலாமா. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றது. ஒரு மோட்டாரில் எங்கே கம்பி கருகியிருக்கிறது என்று விரல் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. ஆனால் கண்டுபிடிப்பது வேறு, வாயைத் திறப்பது வேறு. டாக்டர் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார். ஏதாவது அவசர கேஸ் வரட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போகட்டும். லிஃப்ட் திறந்தது. காதில் கல் மின்ன அவள் வந்தாள்.

வீரபாகு எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டான். "மேடம், நாங்க பேசிட்டோம். இன்னும் அஞ்சு நாள் போகட்டும். அதுக்குப் பொறவு பாப்போம்." டாக்டர் அவனைத் தாண்டிப் பார்த்தாள். "அய்யா, நீங்க என்ன சொல்றீங்க?" "அத்தான் பேசமாட்டாக மேடம். எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க." குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோறோம்" என்றார். "இன்னைக்கே. குழாய எடுத்துருங்க. அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா." வீரபாகு திரும்பினான். "யாருகிட்டச் சொன்னா? எங்கிட்டச் சொல்லலயே?" "எங்கிட்டச் சொன்னா." "எப்பம்?" "அத்தை கெடந்தப்பம்." வீரபாகுவின் குரல் உயர்ந்தது. எதிர் வரிசை அம்மாள் எழுந்து நின்று பார்த்தாள். "வீட்டுக்கா? அவிட்டத்துல வீட்டுக்கா? வெவரம் தெரிஞ்சுதான் பேசுதியளா? அடைப்புல வீட்டுல உசிரு போச்சுன்னா வாசல் வழியா எடுக்கக் கூடாது. சொவத்த இடிச்சுத்தான் எடுக்கணும். சொவத்த!" "இடிச்சிருவோம்." "ஆறு மாசம் பூட்டணும்." "பூட்டிருவோம்." "நீங்க எங்க போயிப் படுப்பீய?" "கடையில." "எம்மவ கல்யாணம்?" "மண்டபத்துல வையி. எம் பேரைச் சொல்லி மாப்ள வீட்டுல என்ன வேணும்னாலும் சொல்லு. கிறுக்குப் பிடிச்சவன்னு சொல்லு." "அக்கா இருந்தா உங்களச் செருப்பால அடிப்பா!" "எந்திரிச்சு வந்து அடிக்கட்டும்" என்றார் குற்றாலிங்கம். தன் குரல் அந்த ஹாலில் அவ்வளவு சத்தமாக ஒலித்தது அவருக்கே அந்நியமாக இருந்தது. "அடைப்பு நம்ம பாடு, வீரபாகு. மிசினு அவ பாடு. நம்ம பாட்ட நாம படுவோம்."

ஆம்புலன்ஸில் நர்ஸ் ஒருவர் கூட வருவார், வீட்டில் வைத்துத்தான் குழாயை எடுப்பார், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னாள். வீரபாகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து கீழே விழுந்திருந்த தோலைத் தேடிப் பொறுக்கி, அதை எங்கே போடுவது என்று தெரியாதவன் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனான். அவன் அழுகிறானா என்று குற்றாலிங்கம் பார்க்கவில்லை. அழுதால் அழட்டும். நாளைக்குத் தெருவெல்லாம் பேசும். பெண்டாட்டியைச் சாகக் கொண்டுவந்தான், பொல்லாத நட்சத்திரத்தில் கொண்டுவந்தான், மச்சினன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினான் என்று பேசும். அருணா வந்து இறங்கிப் பேசவே மாட்டான், அவனுக்குப் பேசாமல் இருக்க யார் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் குற்றாலிங்கத்துக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் போய், போனில் கொத்தனார் மாசானத்தின் பேரைத் தேடினார். வீட்டுக்குக் கல் வைத்ததிலிருந்து அவன்தான் எல்லா வேலைக்கும் வருவான். உடனே எடுத்தான். பின்னால் கலவை மிஷின் ஓடுகிற சத்தம். "சொல்லுங்கண்ணாச்சி. மைனி எப்படி இருக்காவ?" "வீட்டுக்குக் கூட்டிட்டு வாரோம்." "நல்லதாப் போச்சு, சாமி காப்பாத்திட்டாரு." "நீ கடப்பாறைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ மாசானம். நாங்க படுக்குற ரூம்பு, மேக்குச் செவரு. நான் சொல்லும்போது இடிக்கணும்." "இடிக்கணுமா? எதுக்குண்ணாச்சி, கதவு வைக்கவா?" "இன்னைக்கு அவிட்டம்" என்றார் குற்றாலிங்கம். அந்தப் பக்கம் கலவை மிஷினை யாரோ நிறுத்தினார்கள். மாசானம் ஊர்க்காரன். அவனுக்கும் நட்சத்திரம் தெரியும். வேறு குரலில் கேட்டான். "அங்க வீரபாகு அண்ணாச்சி வண்டி நிக்குமே?" "தள்ளி வையி." "எம்புட்டு அகலம் வேணும்ணாச்சி?"

"நல்லா அகலமா இடி" என்றார். "அவளச் சாய்ச்சுத் தூக்கக் கூடாது."